வெங்காயத் தாளில் நிற்காத துளி

தை மாதத்து விடியற்காலையில் உரும்பிராய்ப் பக்கத் தோட்டமொன்றில் குந்தியிருந்து வெங்காயத் தாளைக் கிட்டப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் பச்சை இல்லை. பச்சைக்கு மேலே சாம்பல் பூத்தாற்போல ஒரு மங்கல் இருக்கும். பெருவிரலால் ஒருமுறை வழித்தால் அந்த மங்கல் விரலோடு வந்துவிடும். வழித்த இடம் மட்டும் கரும்பச்சையாக மினுங்கும். பத்து வயதில் அம்மானுக்குப் பின்னால் பாத்தி வரம்பில் நடந்தபடி நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவர் முதுகில் பதினாறு லீற்றர் தாங்கி. குழாயின் நுனியிலிருந்து பனிபோல வந்த துளிகள் தாளில் பட்ட உடனே முத்துமுத்தாகத் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, உருண்டு நிலத்தில் விழுந்தன. என் பெருவிரல் பட்ட தாள்களில் மட்டும் நீர் படர்ந்து நின்றது.

"அம்மான், எல்லாம் நிலத்திலையெல்லே விழுது?"

"அதுக்குத்தான் தம்பி சவர்க்காரத்தூள் கொஞ்சம் போடுறது. கதையாமல் வா, வெயில் ஏற முன்னம் அடிச்சு முடிக்கவேணும்."

சவர்க்காரத்தூள் ஏன்? வெயில் ஏற முன்னம் ஏன்? அம்மானிடம் விதி இருந்தது, விளக்கம் இருக்கவில்லை. அந்த விளக்கத்தைத் தேடிப் போனால் இலை என்ற பொருளைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி மாறிவிடும்.

இலையை நாம் ஒரு வாய்போல நினைக்கிறோம். இலைவாய் என்று பெயரும் வைத்திருக்கிறோம். ஆனால் இலையின் மேற்பரப்பு உருவானது உள்ளிருக்கும் ஈரத்தைப் பூட்டி வைப்பதற்காக. ஏறத்தாழ நாற்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தாவரங்கள் நீரை விட்டுக் கரையேறியபோது அவற்றுக்கு முதலில் வேண்டியிருந்தது காய்ந்து போகாமல் இருக்க ஒரு போர்வை. அந்தப் போர்வைதான் புறத்தோல். கலங்களால் ஆன மேற்றோலுக்கு மேலே, கலங்களே கசியவிட்டு உண்டாக்கிய உயிரற்ற படலம் அது. கியூற்றின் என்ற பிசின் போன்ற வலை, அந்த வலைக்குள்ளும் மேலும் மெழுகு. பெரும்பாலான இலைகளில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்குகூட வராது. பலவற்றில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவு. இத்தனை மெல்லிய ஒன்று சித்திரை வெயிலில் ஒரு மிளகாய்க் கன்றின் ஈரத்தைக் காத்து நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வெங்காயத் தாளின் சாம்பல் மங்கல் அந்த மெழுகின் மேற்புறம். அதில் நிறைய இருப்பது முப்பத்தொரு காபன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த ஒரு கீற்றோன். அது நுண்ணிய பளிங்குச் செதில்களாக, நட்டுவைத்த தகடுகள்போலத் தாளின்மேல் நிற்கும். நீர்த்துளி அந்தச் செதில்களின் நுனியில்தான் உட்காருகிறது. கீழே காற்று. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்வதன் பொருளும் இதுவே. ஜெர்மனியின் பொன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொற் 1997இல் இதை நுணுக்கமாக விளக்கி எழுதியபின் உலகம் அதற்குத் தாமரை விளைவு என்றே பெயர் சொல்கிறது. வீட்டுக் கிணற்றடியில் நிற்கும் சேம்பிலும் இதே காட்சிதான். ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், இலை நனையாது.

நீரின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு எழுபத்திரண்டு மில்லிநியூற்றன் அளவு. துளியைத் துளியாகத் திரட்டி வைத்திருப்பது அந்த இழுவிசை. சவர்க்காரத்தூள் அதைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். துளியின் வயிறு தளர்ந்து, தாளில் படுத்துவிடும். அம்மானின் முதல் விதிக்கு விடை இவ்வளவுதான். ஆனால் படுத்த துளி உள்ளே போய்விட்டது என்று பொருளில்லை. நனைவது ஒன்று, நுழைவது வேறொன்று.

நுழைவதற்கு மூன்று வழிகள் உண்டு.

எண்ணெய்த்தன்மையுள்ள பொருளுக்கு மெழுகே வழி. மெழுகில் கரைந்து, மறுபக்கம் கசிந்து போய்விடும். பூச்சிகொல்லிகளும் பூஞ்சணக்கொல்லிகளும் பல இந்த வழியில் போகின்றன. செடிக்குள் ஊடுருவவேண்டிய மருந்துகளை வேதியியலாளர்கள் இதை மனதில் வைத்தே கட்டமைக்கிறார்கள். மன்கோசெப் போன்ற சில மருந்துகள் நுழையவே கூடாதவை. இலையின்மேல் காவல் நிற்பதுதான் அவற்றின் வேலை. மழை கழுவினால் மறுபடி அடிக்கவேண்டியது அதனால்தான்.

ஓரிடத்தில் நின்று சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கள் தோலும் கொழுப்பால் அடைத்த ஒரு சுவர்தான். மெழுகுக்குள் கரைந்து போகத் தெரிந்த மருந்து மனிதத் தோலுக்குள்ளும் போகத் தெரிந்தது. அம்மான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு மருந்தடித்தார். தாங்கியின் மூடியால் கசிந்தது முதுகெலும்பு வழியே ஓடியது. அவருடைய தலைமுறையில் பெரும்பாலானோர் அப்படித்தான் அடித்தார்கள், இன்றைக்கும் பலர் அப்படித்தான் அடிக்கிறார்கள். இலை உறிஞ்சுவதைப் பற்றிப் படிக்கிற எவரும் முதலில் ஒரு முழுக்கைச் சட்டையும் கையுறையும் வாங்கவேண்டும்.

பசளைகளின் கதை வேறு. யூரியா, இரும்பு, நாகம், பொற்றாசியம் எல்லாம் நீரில் கரைபவை, மெழுகில் கரையமாட்டா. அவற்றுக்கு மெழுகு ஒரு மதில். இந்த மதிலில் நீர் போக ஏதோ ஒரு வழி இருக்கவேண்டும் என்பது நெடுநாள் ஊகம். புறத்தோல் ஈரமாக இருக்கும்போது கியூற்றின் வலையில் நீரைப் பிடிக்கும் இடங்களைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் கூடி, ஒரு நனோமீற்றர் அளவேயான மிக ஒடுங்கிய நீர்த்தடங்கள் உண்டாகின்றன என்பதை ஜெர்மன் ஆய்வாளர் யோர்க் ஷோன்ஹெர் 1970கள் முதல் அளந்து காட்டினார். யூரியா மூலக்கூறு அந்த அளவுக்குச் சிறியது, மின்னேற்றமும் இல்லாதது, நழுவிப் போய்விடும். சீனி மூலக்கூறு திணறும். அதைவிடப் பெரியது வாசலிலேயே நிற்கும்.

மூன்றாவது வழி இலைவாய். பலரும் இதுதான் பிரதான வாசல் என்று நினைக்கிறார்கள். ஒரு சதுர மில்லிமீற்றரில் நூறு, இருநூறு திறந்த துவாரங்கள் இருக்கும்போது நீர் உள்ளே ஓடாதா? ஓடாது. 1972இல் ஷோன்ஹெரும் மிச்சிகனில் இருந்த புக்கோவாக்கும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இலைவாயின் உதடுகளின் வடிவமும் மெழுகுப்பூச்சும் சேர்ந்து நீரை வாசலில் தடுத்துவிடும். மேற்பரப்பு இழுவிசை முப்பதுக்கும் கீழே விழுந்தால்தான் திரவம் தானாக உள்ளே வழியும். சாதாரணச் சவர்க்காரத்தூள் அந்த அளவுக்கு இறக்காது. சிலிக்கன் கலந்த விசேட நனைப்பான்கள் இறக்கும்.

இருந்தும் இலைவாய் முற்றாக மூடிய கதை இல்லை. 2008இல் தோமஸ் ஐக்கெற் குழுவினர் போஞ்சிக்கு உறவான பாக்ளா அவரையின் இலையில் ஒளிரும் நுண்மணிகளை வைத்துப் பார்த்தார்கள். நாற்பத்து மூன்று நனோமீற்றர் மணிகள் சில இலைவாய்களின் சுவர் வழியே ஊர்ந்து உள்ளே போயிருந்தன. எல்லா இலைவாய்களிலும் இல்லை, மிகச் சிலவற்றில் மட்டும். ஒரு மைக்குரோமீற்றர் அளவு மணிகள் போகவேயில்லை. அதே பொன் நகரத்து யூர்கன் புர்க்ஹார்ட் இன்னொன்றைக் கண்டார். உப்புத் துகள்கள் காற்றின் ஈரத்தை வாங்கி உருகி, இலைவாயின் சுவரில் ஒரு மெல்லிய திரியாகப் படர்கின்றன. அந்தத் திரி வழியே வெளியிலிருப்பது உள்ளே போகும். உள்ளிருக்கும் நீர் வெளியேயும் வரும். வடமராட்சிக் கரையோரத்தில், கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிற தோட்டங்களை நினைத்துக்கொண்டு அவருடைய கட்டுரையை வாசித்தேன். மழை இலையைக் கழுவாத மாதங்களில் அங்கே செடிகள் வாடுவதற்கு வேர் மட்டும் காரணமாக இராது என்று எனக்குப் படுகிறது.

இனி அம்மானின் இரண்டாவது விதிக்கு வருவோம்.

நீர்த்தடம் நீர் இருக்கும்வரைதான் தடம். துளி காய்ந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே போகாத உப்பு வெள்ளைப் பொருக்காக இலைமேல் இருந்துவிடும். ஆனால் எல்லா உப்பும் ஒரே மாதிரிக் காய்வதில்லை. ஒவ்வொரு உப்புக்கும் ஒரு ஈரப்பதன் எல்லை உண்டு; காற்றின் ஈரப்பதன் அதற்கு மேலே இருந்தால் உப்பு காற்றிலிருந்தே நீரை வாங்கிக் கரைந்து கிடக்கும். கல்சியங் குளோரைட்டுக்கு அந்த எல்லை முப்பது சதவீதத்தை ஒட்டியது. கல்சியம் நைத்திரேற்றுக்கு ஐம்பது சொச்சம். யூரியாவுக்கு எழுபத்தைந்தை அண்டியது. பொற்றாசியம் நைத்திரேற்றுக்கோ தொண்ணூற்றைந்துக்குப் பக்கம். வீட்டில் உப்புச் சிரட்டை மாரியில் கசிந்து கோடையில் காய்வதைப் பார்த்த எவருக்கும் இது புதிதில்லை.

இப்போது ஆனி, ஆடி மாதத்து யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். சோழகம் அடிக்கிறது. பனை ஓலைகள் இரவும் பகலும் சலசலக்கின்றன. முற்பகல் பத்து மணிக்கு அடித்த துளி சில நிமிடத்தில் காய்ந்துவிடும். அதில் பொற்றாசியம் நைத்திரேற்று இருந்தால் அது அன்று பகல் முழுக்க உப்புத்தூளாகவே கிடக்கும். விடிய ஐந்தரைக்கு அடித்திருந்தால் காற்று அடங்கியிருக்கும், ஈரப்பதன் உயர்ந்திருக்கும், துளிக்கு இரண்டு மணித்தியாலமாவது ஆயுள் கிடைக்கும். யூரியாவுக்கு அந்த இரண்டு மணித்தியாலம் பெரிய காரியம். வெள்ளரி, அவரை போன்ற செடிகள் இலைமேல் பட்ட யூரியாவில் பாதியைச் சில மணித்தியாலத்துக்குள் எடுத்துவிடும். பொசுபரசுக்கு நாட்கணக்காகும்.

பின்னேரத்தில் அடித்தால் இரவு முழுவதும் பனியில் நனைந்து கிடக்குமே, அது இன்னும் நல்லதல்லவா? உறிஞ்சுவதை மட்டும் பார்த்தால் நல்லதுதான். ஆனால் இரவெல்லாம் ஈரமாகக் கிடக்கிற வெங்காயத் தாளை விரும்புவது நாம் மட்டும் இல்லை, பூஞ்சணமும் விரும்பும். மாரி வெங்காயத்தில் தாள் முறுகிக் கோணுவதையும் ஊதாப் புள்ளி விழுவதையும் கண்டவர்கள் பின்னேர ஈரத்துக்குப் பயப்படுவது நியாயம். எல்லாவற்றையும் எடைபோட்டால் அம்மானின் விடியற்காலை சரியாகவே வருகிறது.

இந்த இடத்தில் கிணற்றுக்கு வரவேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் எந்தக் கதையும் கடைசியில் கிணற்றுக்குத்தான் வரும்.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஆறு இல்லாத இந்த நிலத்தில் மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி வில்லைகளாகத் தேங்கி நிற்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று நான்கு நீர்த்தேக்கப் படைகள். குடிப்பதும் இறைப்பதும் அதே நீர். கேத்திலின் அடியில் வெள்ளைச் சுண்ணம் படிந்திருப்பதைப் பார்க்காத வீடு வலிகாமத்தில் குறைவு. ஒரு லீற்றரில் 300 மில்லிகிராம் கடினத்தன்மை இங்கே அரிதில்லை. பதினாறு லீற்றர் தாங்கியை அந்த நீரால் நிரப்பினால் கிட்டத்தட்ட ஐந்து கிராம் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து முதுகில் சுமக்கிறோம் என்று பொருள்.

அந்த ஐந்து கிராம் சும்மா இருக்காது. சவர்க்காரக் கட்டியை அந்த நீரில் கரைத்தால் கல்சியம் அதைப் பிடித்துத் தயிர்போலத் திரித்துவிடும். நுரைக்காது, இலையையும் நனைக்காது. சலவைத்தூள் இந்தக் கல்சியத்தை ஓரளவு தாங்கும். அம்மான் கட்டியை விட்டுத் தூளைப் போட்டது ஏன் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அநேகமாக அடித்துப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். களைக்கு அடிக்கும் கிளைபோசேற்றும் கல்சியத்தோடு இறுகச் சேர்ந்துகொள்ளும். சேர்ந்தபின் இலைக்குள் போவது குறைந்துவிடும். அமோனியஞ் சல்பேற்றுச் சேர்க்கச் சொல்வது கல்சியத்தை அதனிடமிருந்து விலக்கி வைக்கத்தான். சில பூச்சிகொல்லிகள் காரநீரில் கலந்து வைத்தால் சில மணித்தியாலத்தில் சிதைய ஆரம்பித்துவிடும். மருந்து சரியில்லை என்று கடைக்காரரை ஏசுமுன் கிணற்றை ஒருமுறை நினைக்கலாம்.

இரும்பின் பாடு இன்னும் மோசம். இரும்புச் சல்பேற்று நல்ல நிலையில் இளம்பச்சைப் பளிங்கு. அதை எங்கள் கிணற்று நீரில் கரைத்து வாளியில் விட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தால் வாளி துருப்பிடித்த நிறத்தில் கலங்கிக் கிடக்கும். அடியில் படிந்த செம்மண்டி இனி எந்த இலைக்குள்ளும் போகாது. முதலில் தேசிக்காய்ப்புளியில் இருக்கும் சித்திரிக்கமிலம் சிறிது கரைத்து, பிறகு இரும்பைச் சேர்த்தால் கரைசல் தெளிவாக நிற்கும். அமிலம் நீரின் காரத்தைத் தணிக்கிறது. இரும்பையும் கையணைத்துக் காக்கிறது.

ஏன் இவ்வளவு பாடுபட்டு இரும்பை இலைக்குக் கொடுக்கவேண்டும்? செம்பாட்டு மண்ணின் சிவப்பே இரும்புதானே? இந்தக் கேள்விதான் இலைத்தெளிப்பு என்ற யோசனையையே பெற்றெடுத்தது. சுண்ணாம்பு நிலத்தில் இரும்பு ஏராளமாகக் கிடக்கும், ஆனால் கரையாது. மண்ணின் காரத்தன்மை ஒரு அலகு ஏறினால் பெரிக்கு இரும்பின் கரைவு ஆயிரத்திலொன்றாகிவிடும். இறைக்கும் நீரிலேயே இருகாபனேற்று இருப்பதால் ஒவ்வோர் இறைப்பும் அந்தக் காரத்தைப் புதுப்பிக்கிறது. செடி இரும்பின் நடுவே நின்று இரும்புக்குப் பசித்திருக்கும். முதலில் குருத்திலை வெளிறும். நரம்பு மட்டும் பச்சையாக, இடைவெளி எலுமிச்சை மஞ்சளாக ஒரு வலை தெரியும்.

பிரான்சில் ஷத்தியோன் சூர் சென் என்ற ஊரில் வேதியியல் கற்பித்த எசேப் கிரி 1843இல் இந்த வெளிறலுக்கு மருந்து தேடினார். முந்திரிகைக் கொடிகள் சுண்ணாம்பு நிலத்தில் மஞ்சளித்து நின்ற நாடு அது. தமிழகத்தார் திராட்சை என்பதைத்தான் நாங்கள் முந்திரிகை என்கிறோம். கிரி இரும்புச் சேர்வையின் ஐதான கரைசலை வெளிறிய இலைகளில் பூசினார். சில நாளில் பூசிய இடம் பச்சையாகியது. செடிக்கு இரும்பு வேண்டும் என்பதையும் அதை இலை வழியே கொடுக்கலாம் என்பதையும் ஒன்றாகவே காட்டிய சோதனை அது. உரும்பிராயிலும் நீர்வேலியிலும் முந்திரிகைப் பந்தல் போட்டவர்களுக்கும் அந்தப் பிரெஞ்சு ஆசிரியருக்கும் இடையில் ஓடுவது ஒரே சுண்ணாம்புக்கல்தான்.

கிரி கண்ணால் கண்டதை அளந்து பார்க்க நூறு ஆண்டுக்கு மேலாகியது. இரண்டாம் உலகப்போர் முடிந்து கதிரியக்கப் பொசுபரசு ஆய்வுகூடங்களுக்குக் கிடைக்கத் தொடங்கியபின், மிச்சிகனில் ரூக்கியும் விற்வரும் அதை இலையில் தடவி, செடியின் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்று கருவி வைத்துத் தொடர்ந்தார்கள். இலையில் வைத்தது வேருக்குப் போனதை உலகம் கண்கூடாகக் கண்டது அப்போதுதான். அந்தச் செய்தி வேகமாகப் பரவியது. அதோடு சேர்ந்து, இலை வழியே கொடுத்தால் மண்ணே தேவையில்லை என்ற அளவுக்கு ஒரு மிகை நம்பிக்கையும் பரவியது. அதன் வால் இன்னும் அறுபடவில்லை.

உள்ளே போனது எல்லாம் ஊர் சுற்றாது. நைதரசனும் பொற்றாசியமும் மகனீசியமும் உரியத்தின் வழியே வேண்டிய இடத்துக்குப் போகும். இரும்பும் நாகமும் தயங்கித் தயங்கி நகரும். கல்சியம் விழுந்த இலையை விட்டு அசையாது. தக்காளியின் அடி கறுத்து அழுகும்போது கல்சியத்தை இலைக்கு அடித்துப் பயனில்லை, பிஞ்சிலேயே படவேண்டும். அதைவிட முக்கியம் இறைப்பைச் சீராக வைப்பது. கல்சியம் வேரிலிருந்து நீரோட்டத்தோடுதான் காய்க்கு வருகிறது.

யூரியா உள்ளே போனபின் அதை உடைக்க யூரியேசு என்ற நொதியம் வேண்டும். 1926இல் ஜேம்ஸ் சம்னர் முதன்முதலாகப் பளிங்காக்கிய நொதியம் அது. எடுத்தது எதிலிருந்து தெரியுமா? வாளவரை வகை விதையிலிருந்து. எங்கள் வேலியில் படரும் கொடியின் உறவு விதையொன்று அவருக்கு நோபல் பரிசு பெற்றுக் கொடுத்தது. அந்த நொதியத்தின் நடுவில் நிக்கல் அணுக்கள் இருப்பது 1975இல்தான் தெரியவந்தது. யூரியா கூடிப்போனால் நொதியத்தால் ஈடுகொடுக்க முடியாமல் இலையில் தேங்கி, நுனி கருகும். அரைச் சதவீதம், ஒரு சதவீதம் என்று கட்டுப்பாடு வைப்பது இதற்காக. கோசலத்தைப் பத்து மடங்கு நீரில் கலந்து தெளிக்கிற வழக்கத்திலும் இதே கணக்கு ஒளிந்திருக்கிறது. கோசலத்தின் நைதரசனில் பெரும்பகுதி யூரியாதான்.

கணக்கு என்று வந்துவிட்டதால் 2021ஐப் பேசாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை இலங்கை அரசு வர்த்தமானி மூலம் தடைசெய்தது. பெரும்போகம் நெருங்கியது, தோட்டங்களில் யூரியா இல்லை. ஒக்டோபரில் இந்தியாவின் இஃப்கோ நிறுவனத்தின் நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்திறங்கியது. அரை லீற்றர் போத்தல், நான்கு சதவீதம் நைதரசன். இந்தியாவில் இது ஒரு மூடை யூரியாவுக்கு ஈடு என்று சொல்லி விற்கப்பட்டது. அங்கே ஒரு மூடை நாற்பத்தைந்து கிலோ. அதில் நாற்பத்தாறு சதவீதம் நைதரசன், அதாவது இருபது கிலோவுக்கு மேல். போத்தலில் இருப்பது இருபது கிராம். ஆயிரத்திலொரு பங்கு.

உறிஞ்சும் திறன் கூட என்றார்கள். நியாயமான வாதமா என்று பார்ப்போம். ஒரு பரப்புக் காணியில் நானூறு கிலோ வெங்காயம் கிண்டுகிறோம் என்று வைத்துக்கொண்டால், கிழங்கும் தாளுமாக அந்தப் பயிர் தன் உடம்பில் கட்டி வைத்திருக்கும் நைதரசன் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை வரும். ஒரு ஏக்கருக்கு இது பதினாறு மடங்கு. போத்தலின் இருபது கிராமும் ஒரு மூலக்கூறுகூடச் சிந்தாமல் உள்ளே போனாலும் ஐந்திலிருந்து எட்டுக் கிலோ வெங்காயத்துக்குத்தான் காணும். உறிஞ்சும் திறன் நூறு சதவீதத்தைத் தாண்டாது. நனோமணிகளின் அளவு இருபதிலிருந்து ஐம்பது நனோமீற்றர். புறத்தோலின் நீர்த்தடமோ ஒரு நனோமீற்றர். இருந்த ஒரே வழி இலைவாய். அது எவ்வளவு கஞ்சத்தனமான வழி என்று மேலே பார்த்தோம். இதே ஐயங்களைக் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மக்ஸ் பிராங்கும் சோரன் ஹூஸ்ரெட்டும் பின்னர் ஆய்விதழில் எழுதினார்கள். பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு வயலில் போட்டுப் பார்த்ததில் நெல்லும் கோதுமையும் விளைச்சலில் பின்தங்கின. நவம்பர் இறுதியில் இங்கே தடை தளர்ந்தது. அந்தப் போகம் திரும்பி வரவில்லை.

சாதாரண யூரியாவையே இலைக்கு அடித்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஒரு சதவீதக் கரைசலில் ஒரு தாங்கி என்றால் 160 கிராம் யூரியா, 74 கிராம் நைதரசன். ஒரு பரப்பு வெங்காயத்துக்குப் பதினான்கிலிருந்து இருபது தாங்கி வேண்டும், சொட்டும் நிலத்தில் விழாமல். இரும்புக்கோ நாகத்துக்கோ இந்தத் தடை இல்லை. பயிர் கேட்பதே கிராம் கணக்கில். ஓரிரு தாங்கி போதும். இலை வழி ஒடுங்கியது என்று தெரிந்துகொண்டால் எதை அதன் வழியே அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்பது தானே பிரிந்துவிடும்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் கிணறு. மண்ணில் போடும் யூரியா நைத்திரேற்றாக மாறி, செம்பாட்டைக் கடந்து, சுண்ணாம்பு வெடிப்புகளால் நேரே குடிநீருக்குள் இறங்குகிறது. 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளை அளந்து எச்சரித்து வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதைத் தாண்டிய கிணறுகள் பல. போத்தல் பால் குடிக்கும் பச்சைக் குழந்தையின் குருதி ஒட்சிசன் சுமக்கும் வலுவை இழக்கக்கூடும் என்பதால் வகுத்த எல்லை அது. மூடையைப் பாத்தியில் வீசுவதைக் குறைத்து, சிறுகச் சிறுகப் பிரித்துப் போட்டு, குழை தாட்டு, கடைசிக் கட்டத்துச் சிறு பசியை மட்டும் இலை வழியே ஆற்றினால் கிணற்றுக்குப் போவது குறையும். முழுவதும் இலைக்கு மாறலாம் என்று எவராவது போத்தல் காட்டினால் மேலே உள்ள பெருக்கலைப் போட்டுக் காட்டவேண்டியதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நீர்வேலியில் உறவினர் ஒருவரின் முந்திரிகைப் பந்தலுக்கு நானே இரும்பு அடித்தேன். தேசிக்காய்ப்புளி விட்ட கரைசல். ஆனால் வேண்டுமென்றே ஒரு கிளைக்கு மட்டும் சவர்க்காரத்தூள் சேர்க்காமல் அடித்தேன். துளிகள் படராமல் தனித்தனியாக நின்றன. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தபோது அந்தக் கிளையின் மஞ்சள் இலைகளில் மிளகளவிலும் கடுகளவிலும் பச்சைப் புள்ளிகள் சிதறியிருந்தன. ஒவ்வொரு துளியும் தான் உட்கார்ந்த இடத்தை அப்படியே வரைந்து வைத்திருந்தது. புள்ளிக்கு ஒரு நெல்மணி தள்ளி இலை இன்னும் மஞ்சள். பக்கத்துக் கிளையில், தூள் சேர்த்து அடித்த இலைகள் முழுவதும் பச்சையாகியிருந்தன. இரண்டு கிளையின் நுனியிலும் அன்று விடிய விரிந்த குருத்து மட்டும் ஒரேபோல வெளிறிக் கிடந்தது. அது துளியைக் காணவில்லை, வேர் இன்னும் சுண்ணாம்பில்தான் நின்றது.